பத்தொன்பதாவது கேள்வி

பகாவ் பசாருக்கு எதிரே ஒரு ஓட்டல் அறை.
காலை ஆறரைக்கும் இருட்டு.
போர்வைக்குள் என் பற்கள்
நடுராத்திரி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் மாதிரி
விடாமல் தட்டிக்கொண்டிருந்தன.

வேளச்சேரியில் அப்போது மணி நாலு.
இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிற அந்த வீட்டில்
எனக்கு இன்னும் காய்ச்சல் வரவில்லை.
அப்படியே இருக்கட்டும் என்று
‘வேலை முடிய ரெண்டு நாள் கூட ஆகும்’ என்று மட்டும் அனுப்பினேன்.

கீழே கல்லாவில் இருந்த லிம்
நீட்டிய சாவியை வாங்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.
“டெங்கி” என்றார்,
அறை எண்ணைச் சொல்வது போல.
தன் காடியில் ஏற்றிக்கொண்டார்.
வழியில் நிறுத்தி மூன்று போத்தல் உப்பும் இனிப்புமான தண்ணீர்.
காசை நீட்டினால்
சடக்கைப் பார்த்தே ஓட்டினார்.

இரண்டு பக்கமும் செம்பனை.
வரிசை, அதற்குப் பின்னால் வரிசை.
எண்ணு என்றது காய்ச்சல்.
எண்ணினேன்.
எண்ணுவதுதானே என் பிழைப்பு:
தோட்டம் தோட்டமாகப் போய், கேள்வி கேட்டு,
எல்லாம் சரி என்று சான்று எழுதுகிறவள்.

பெண்கள் வார்டில் தாதி புஷ்பலீலா
“பசியாறிட்டீங்களா?” என்றார்.
எங்கள் ஊரில் சாப்பிட்டாச்சா என்போம்.
பசி ஆறியதா என்று
என்னை யாரும் கேட்டதில்லை.
அழுதுவிட்டேன்.
காய்ச்சல்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

வெளிநாட்டார் கட்டணம் தனி. கம்பெனி அட்டை கட்டியது.
காலையில் தட்டணுக்கள் எண்பத்தி நாலாயிரம்.
சாயங்காலம் ஐம்பத்தோராயிரம்.
ரத்தத்துக்குள் யாரோ
ஆட்குறைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள்,
முன்னறிவிப்பு இல்லாமல்.

பக்கத்துக் கட்டிலில்
சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர்
மருந்து வாங்கத் திரும்பியபோது
எனக்குத் தெரிந்த முகம்.

ஒன்பது நாளைக்கு முன்
மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்தபடி நின்றவர்.
தவமலர். வயது நாற்பத்தி நாலு. களைக்கு மருந்தடிக்கிறவர்.
பின்னால் குடையோடு கிராணி.
பத்தொன்பதாவது கேள்வி:
குடியிருப்பில் தேங்கிய நீர் உண்டா?
அவர் கிராணியின் சப்பாத்தைப் பார்த்தார்.
“இல்லைங்க, எல்லாம் சுத்தம்.”
சரி என்று குறி போட்டேன்.
போட்ட கையாலேயே
கணுக்காலில் ஒரு கொசுவை அடித்தேன்.
தப்பிவிட்டது.

இதையெல்லாம் நினைக்க எனக்கு நேரம் இருந்தது.
கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்குகிற வலிக்கு நடுவே
அந்தக் குறி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.
நல்ல மை. அழியாது.

ராத்திரி எங்கேயோ ரயில் கூவிப் போனது.
“தூங்கலையா?” என்றார் தவமலர்.
“இல்லை.”
“அன்னிக்கு பைலு வச்சிக்கிட்டு வந்தது நீங்கதானே?”
ஆமாம் என்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.
அவரே தன் போத்தலைத் திறந்து நீட்டினார்.
குடித்தேன்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்,
திட்டினால் வலி கொஞ்சம் குறையும் போலிருந்தது.

“அந்தக் கேள்வி,” என்றார்,
“மறுபடி கேளுங்க.”

வலது கையில் ஊசி, குழாய்.
காகிதம் இல்லை, பேனா இல்லை,
குடை பிடித்த ஆள் இல்லை.
என் குரல் எனக்கே கேட்காத அளவில்
கேட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து
கூந்தலை முடிந்துகொண்டார்.
“லயத்துக்குப் பின்னால ஒடஞ்ச தொட்டி ஒன்னு.
அதுக்கு அந்தாண்ட பழைய டயரு, பதினேழு.
எங்க வீட்டுக் கால்வா…”

தாதி வந்து இருவரையும் அதட்டி
விளக்கை அணைத்தார்.

“கால்வா அடைச்சி ரெண்டு வருசம் ஆச்சு,”
இருட்டில் குரல் தொடர்ந்தது.
நான் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தேன்.